பந்தைப் பறிக்காதீர்கள், புத்தகத்தை மூட விடாதீர்கள்!

பதினைந்து, பதினாறு வயதுப் பையன். விடிந்தால் பந்து, நள்ளிரவில் கண் விழித்து ஐரோப்பிய ஆட்டம். "என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால், "ஃபுட்பால் பிளேயர்" என்கிறான். தாயார் கவலையோடு வளைகுடாவுக்குப் போன் செய்கிறார். "பந்தைத் தூக்கி எறியச் சொல். பிளஸ் டூ முடிக்கட்டும், விசா அனுப்புகிறேன்" என்று தகப்பனார் அங்கிருந்தே அதட்டுகிறார். கடையநல்லூரிலும் சுற்று வட்டாரத்திலும் பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது.

பையனின் ஆசையை அதட்டி நசுக்குவது தவறு. "அவன் விருப்பம்" என்று கண்டும் காணாமல் விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. உண்மை நிலவரத்தை அவனோடு உட்கார்ந்து பேசுவதே பெற்றோர் கடமை.

நிலவரம் என்ன? நாட்டின் முதல்தர லீக்கான ஐ.எஸ்.எல். போட்டியில் 2024-25 பருவத்தில் ஆடியவை 13 அணிகள். ஓர் அணிக்கு 35 பேர் என்றே வைத்தாலும் மொத்தம் 455 பேர். அதிலும் வெளிநாட்டவர் உண்டு. இத்தனை பெரிய நாட்டில் அவ்வளவுதான் இடம்! அந்த இடமாவது உறுதியானதா? ஒப்பந்தச் சிக்கலால் 2025 ஜூலையில் அந்தப் போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. உச்சியில் இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், கீழே இருப்பவனுக்குக் கையில் இன்னொரு தொழில் வேண்டாமா?

அப்படியானால் கால்பந்தால் வாழ்வே இல்லையா? உண்டு. ஐ.எம். விஜயனைப் பாருங்கள். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற ஏழைச் சிறுவன். அவரது ஆட்டத்தைக் கண்டு கேரளக் காவல்துறை வேலை கொடுத்தது. இந்திய அணியின் தலைவராக உயர்ந்தார். 2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, அதே ஆண்டில் காவல்துறை அதிகாரியாகவே ஓய்வு பெற்றார். பந்து புகழைத் தந்தது. வீட்டில் அடுப்பை எரிய வைத்தது அரசு வேலை!

ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். அவருடைய பயிற்சியில்தான் இந்தியா 1951-இலும் 1962-இலும் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது; 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது. கரும்பலகைக்கும் கால்பந்துக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வழிகள் பல இருக்கின்றன. தமிழக அரசு வேலைகளில் சாதனை விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் வீரர்களை வேலைக்கு எடுக்கிறது. உடற்கல்வி ஆசிரியர், நடுவர், உரிமம் பெற்ற பயிற்சியாளர், வீரர்களின் காயம் ஆற்றும் பிசியோதெரபிஸ்ட் என்று மைதானத்தைச் சுற்றியே பிழைப்பு இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பிசியோதெரபி படிக்க பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் வேண்டும். பி.பி.எட். சேரப் பட்டம் வேண்டும். ஒதுக்கீட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். தெருவில் வென்ற கோப்பையைக் காட்டினால் யாரும் வேலை தரமாட்டார்கள்.

ஆகவே, பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பாடப்பிரிவு என்பதைப் பையனோடு பேசி முடிவெடுங்கள். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைச் சந்தித்து, "இவனுக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறதா?" என்று ஒளிவு மறைவின்றிக் கேளுங்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகளில் ஆட விடுங்கள்; சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். மாநில அளவை எட்டினால் மகிழ்ச்சி. எட்டாவிட்டால் அவனைக் கேலி செய்யாதீர்கள். அடுத்த வழியைக் காட்டுங்கள்.

கடல் கடந்து சிங்கப்பூர் சென்று உழைத்த நம் ஊர் முன்னோர்கள் 1941-இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைத்தார்கள். 1946-இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியே தொடங்கினார்கள். பிழைக்கப் போன இடத்திலும் பிள்ளைகளின் படிப்பை மறக்காத பரம்பரை நாம்! அந்தப் பரம்பரையில் வந்த ஜமாஅத்தும் இளைஞர் மன்றங்களும் கோப்பைக்கும் ஜெர்சிக்கும் செலவிடுவதோடு நின்றுவிடலாமா? ஆட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்ய முடியாதா?

பெற்றோர்களே! பதினெட்டு வயதில் ஒரு விசாவைக் கையில் கொடுத்து அனுப்புவது எளிது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் மகன் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பந்து அவன் காலில் இருக்கட்டும். புத்தகம் அவன் கையில் இருக்கட்டும்!