கூட்டமும் கூட்டத்தொடரும்

2022 மார்ச் 7 அன்று ஹைதராபாத்தில் தெலங்கானா சட்டமன்றம் கூடியபோது ஆளுநர் உரை இடம்பெறவில்லை. நேரடியாக நிதிநிலை அறிக்கை தாக்கலாயிற்று. இது புதிய கூட்டத்தொடர் அல்ல, 2021 அக்டோபரில் ஒத்திவைக்கப்பட்ட தொடரின் அடுத்த அமர்வே என்பது அன்றைய தெலங்கானா ராஷ்டிர சமிதி அரசின் விளக்கம். அன்றைய ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் தமது ஆட்சேபத்தைப் பகிரங்கமாகவே தெரிவித்தார்.

வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றும் இந்த வேறுபாட்டில் அதிகாரப் போராட்டம் ஒன்று அடங்கியிருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 174ஆவது பிரிவின்படி அவையைக் கூட்டுபவரும் தொடரை முடித்துவைப்பவரும் ஆளுநர். ஒரு தொடருக்குள் அமர்வுகளை ஒத்திவைப்பதும் மீண்டும் கூட்டுவதும் பேரவைத் தலைவரின் பொறுப்பு. ஆண்டின் முதல் தொடர் தொடங்கும்போது ஆளுநர் உரையாற்ற வேண்டும் என்பது 176ஆவது பிரிவு. ஆகவே தொடர் முடித்துவைக்கப்படாத வரையில், அவையைக் கூட்ட ஆளுநரின் ஆணை தேவையில்லை.

மாநில அரசுகள் இவ்வழியை நாடியதற்குக் காரணம் உண்டு. 2020 ஜூலையில் ராஜஸ்தான் அமைச்சரவை சட்டமன்றத்தைக் கூட்டப் பரிந்துரைத்தபோது, ஆளுநர் கல்ராஜ் மிஸ்ரா 21 நாள் முன்னறிவிப்பு முதலிய காரணங்களைக் கூறிப் பரிந்துரையைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். பஞ்சாபில் 2023 ஜூன் 19, 20 தேதிகளில் நடந்த அமர்வுகளே செல்லாதவை என்றார், தமிழ்நாட்டு மக்கள் முன்பே நன்கறிந்த பன்வாரிலால் புரோகித். முடித்துவைக்கப்படாத அவையை மீண்டும் கூட்டப் பேரவைத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்றும், அந்த அமர்வுகள் செல்லும் என்றும் 2023 நவம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றிய ஆட்சியாளர்களின் முகவர்களாக ஆளுநர்கள் இயங்கும் காலத்தில் இத்தீர்ப்பு மாநில உரிமைக்கு ஓர் அரண்.

ஆயினும் ஆளுநரைத் தடுக்கும் அரண், அவைக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து அமைச்சரவை ஒளிந்துகொள்ளும் மறைவிடமாகிவிடக் கூடாது. ஆளுநர் வாசிப்பது அமைச்சரவை எழுதிக் கொடுத்த உரையையே. அதன் மீதான நன்றி தெரிவிக்கும் தீர்மான விவாதம் அரசின் கொள்கை முழுவதையும் எதிர்க்கட்சிகள் கேள்விக்குள்ளாக்கும் வாய்ப்பு. உரை போனால் அதுவும் போகிறது. அதே மார்ச் 7 அன்று பாஜக உறுப்பினர்கள் மூவர் நடப்புத் தொடர் முடியும் வரை இடைநீக்கம் செய்யப்பட்டனர். அக்கட்சியின் அரசியலோடு நமக்கு எவ்வித உடன்பாடும் இல்லை. ஆனால் தொடரைத் தாண்டி உறுப்பினரை இடைநீக்கம் செய்வது அரசமைப்புக்கு முரணானது என்று, மகாராஷ்டிர வழக்கொன்றில் அதே ஆண்டு ஜனவரியில்தான் உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. தொடரையே முடிவின்றி நீட்டினால் அந்தப் பாதுகாப்பு என்னவாகும்? இன்று எதிரிக்கு எதிராக வளைக்கப்படும் நெறி நாளை நமக்கு எதிராகவும் வளைக்கப்படும். 2023 பிப்ரவரி 3 அன்று, வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்ற பிறகு, தெலங்கானாவில் ஆளுநர் உரை மீண்டும் இடம்பெற்றது.

உள்ளாட்சி மன்றங்களில் பணியாற்றும் தோழர்களுக்கு இதில் பாடம் உண்டு. மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ கூட்டத்தொடர் என்பதே கிடையாது. ஒவ்வொரு கூட்டமும் தனித்து நிற்பது. அதற்கென அறிவிப்பு, பொருள்நிரல், குறைவெண், நடவடிக்கைக் குறிப்பு ஆகிய அனைத்தும் வேண்டும். ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் பழைய கூட்டத்தின் தொடர்ச்சி. எஞ்சிய பொருள்களே அங்கு எடுத்துக்கொள்ளத் தக்கவை. ஒத்திவைப்பு என்ற பெயரில், முன்னறிவிப்பே இல்லாத வரி உயர்வையோ ஒப்பந்தத்தையோ நுழைக்க முயன்றால், ‘இது பழைய கூட்டமா, புதிய கூட்டமா?’ என்று முதலில் கேளுங்கள். பழையது என்றால் புதிய பொருளுக்கு இடமில்லை. புதியது என்றால் அறிவிப்பு எங்கே? ஆட்சேபம் குறிப்பேட்டில் பதிவாகும் வரை விடாதீர்கள். கூட்டமே நடத்தாமல் காலம் கடத்தினால், சட்டம் குறிப்பிடும் எண்ணிக்கையில் உறுப்பினர்களைத் திரட்டி, எழுத்து மூலம் சிறப்புக் கூட்டம் கோருங்கள்.

கூடுவதற்கு மன்றமே இல்லாத நிலை இன்னும் கொடியது. தெலங்கானாவில் 2024 தொடக்கத்தில் பதவிக்காலம் முடிந்த கிராம ஊராட்சிகளுக்கு 2025 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243இ பிரிவு. தனி அலுவலர் கூட்டம் நடத்த வேண்டியதில்லை. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதுமில்லை. சாலையும் குடிநீரும் கோப்புகளுக்குள் முடிவாகின்றன.

விதிகளைக் கற்பது வழக்கறிஞர்களுக்கு மட்டுமான வேலை அன்று. பெரும்பான்மை இல்லாத மன்றத்தில் உழைக்கும் மக்களின் பிரதிநிதிக்கு வாக்கு எண்ணிக்கை கைகொடுக்காது, விதி கைகொடுக்கும். ஆளுநர் அவையை முடக்கினாலும், அமைச்சரவை தொடரை இழுத்தடித்தாலும், மேயர் கூட்டத்தைத் தள்ளிப்போட்டாலும் நமது கோரிக்கை ஒன்றே: மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் உரிய காலத்தில் கூட வேண்டும், அறிவித்ததை விவாதிக்க வேண்டும், கேள்விக்குப் பதில் தர வேண்டும்.