லலிதா கப்பல் ஏறிய வருடம்

1936 ஆகஸ்ட். ஆறு வருடங்களுக்கு முன்பு கப்பலேறி இங்கிலாந்து போன பிள்ளை முதல் முறையாக ஊர் திரும்புகிறார். போகும்போது வயது 19. திரும்பும்போது 25. நடுவில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம், அங்கே டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ என்ற பெரிய கௌரவம், உலகப் புகழ்பெற்ற ஒரு விஞ்ஞானியுடன் பகிரங்க மோதல், அமெரிக்காவிலிருந்து இரண்டு வேலை அழைப்புகள். எல்லாம் ஆகிவிட்டது. கல்யாணம் மட்டும் ஆகவில்லை.

பெயர் சுப்ரமணியன் சந்திரசேகர். வீட்டுக்கும் உலகத்துக்கும் சந்திரா. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே சந்திரசேகர்தான். சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன்.

இங்கிலாந்துக் கணக்குக்கு அது கோடை விடுமுறை. நம் ஊர்க் கணக்குக்கு ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற நேரம், அதாவது கல்யாணப் பேச்சை எடுக்கிற நேரம். மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் ‘சந்திர விலாஸ்’ என்பது அவர்கள் வீடு. இன்று அந்தச் சாலையை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறோம். பையன் வருகிறான் என்றால் எந்த வீட்டிலும் முதலில் வாசலுக்கு வருவது அம்மாதான். இந்த வீட்டில் அம்மா இல்லை.

தாயார் சீதாலட்சுமி 1931-லேயே காலமாகிவிட்டார். சந்திரா அப்போது கேம்பிரிட்ஜில். விமானத்தில் ஏறி மறுநாள் வந்து நிற்கிற காலம் இல்லை அது. பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகவே கிட்டத்தட்ட மூன்று வாரம். 1930 ஜூலையில் அவர் கிளம்பும்போதே அம்மாவுக்கு உடம்பு மிகவும் முடியாமல் இருந்தது. ‘இந்த நிலையில் விட்டுவிட்டுப் போவதா?’ என்று சுற்றியிருந்தவர்கள் தயங்கினார்கள். போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அந்த அம்மாதான். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், தானாகவே ஆங்கிலம் கற்று, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். கணவன் வீட்டைவிட்டு ஒரு பெண் தன் வழியைத் தேடி வெளியேறுகிற கதை அது. அந்தக் காலத்து மயிலாப்பூர் மாமி ஒருவர் அதை எடுத்துத் தமிழ்ப்படுத்தினார் என்றால், அவர் மனசு எப்படிப்பட்டது என்று ஊகித்துக் கொள்ளலாம்.

சரி, பெண் யார்?

லலிதா துரைசாமி. பிரசிடென்சி கல்லூரியில் சந்திராவுக்கு ஒரு வருடம் ஜூனியர். அவரும் பௌதிகம் ஆனர்ஸ். அந்த நாளில் பௌதிக வகுப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதே அதிசயம். லலிதா வந்த குடும்பத்தைத் தெரிந்தால் அந்த அதிசயம் கொஞ்சம் குறையும். விதவைப் பெண்களின் கல்விக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்த சகோதரி சுப்புலட்சுமி, லலிதாவுக்குப் பெரியம்மா. சிறு வயதிலேயே விதவையாகி, மூலையில் உட்காராமல் படித்து, 1911-ல் பட்டம் பெற்று, மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளைக் குடியமர்த்திப் படிக்க வைத்தாரே, அவர்தான். அப்படிப்பட்ட வீட்டில் பெண் குழந்தையை ‘எப்போது கல்யாணம்?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘என்ன படிக்கிறாய்?’ என்றுதான் கேட்டிருப்பார்கள்.

1936-ல் லலிதாவுக்கும் வயது 25. இதை இன்றைய கண்ணால் படித்தால் ஒன்றும் தோன்றாது. பெண்ணின் கல்யாண வயது குறைந்தது 14 இருக்க வேண்டும் என்று சாரதா சட்டம் வந்தே அப்போது ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கே ஊரெல்லாம் எதிர்ப்பு. அந்தச் சூழலில் 25 வயதுப் பெண், கழுத்தில் தாலி இல்லாமல், பெங்களூரில் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். யாருடைய ஆய்வகம்? சி.வி.ராமனுடையது. மாப்பிள்ளையின் சித்தப்பாவேதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே பெங்களூருக்கு வேலைக்கு வரச் சொல்லி ராமன் முன்பு சந்திராவையும் அழைத்திருந்தார். சந்திராவின் அப்பா சுப்ரமணிய ஐயர், ரயில்வே கணக்குத் துறை அதிகாரி, அளந்து பேசுகிறவர். ‘உன் சித்தப்பாவின் வட்டத்துக்குள் போகாதே, தள்ளியே இரு’ என்ற பொருளில் மகனுக்குத் தந்தி கொடுத்தாராம். அண்ணன் தம்பி என்றாலும் தம்பியின் சுபாவம் அண்ணனுக்குத்தானே நன்றாகத் தெரியும்!

கல்லூரி நாளில் சந்திராவுக்கும் லலிதாவுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. ஆனால் நிச்சயதார்த்தம் என்று எதுவும் இல்லை, தட்டு மாற்றவும் இல்லை. அவர் கப்பலேறிவிட்டார். பிறகு கடிதம்தான். ஒரு கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கு, பதில் வர இன்னும் வாரக்கணக்கு. நீல நிற டிக் வரவில்லை என்று பத்து நிமிடத்தில் மனசு உடைகிற தலைமுறைக்கு அந்தக் கணக்கு புரியுமா தெரியாது. ஆறு வருடத்தில் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்பது இருவருக்குமே தெரிந்திருக்கும். தவிர, சந்திராவுக்கு விஞ்ஞானத்தைத் தவிர வேறு எதற்காவது தன் வாழ்க்கையில் இடம் உண்டா என்ற சந்தேகமே இருந்தது.

அந்தச் சந்தேகத்தைக் கிளறிவிட ஒரு சம்பவமும் நடந்திருந்தது. நட்சத்திரங்கள் எரிந்து முடிந்த பிறகு என்ன ஆகும் என்பது சந்திராவின் கேள்வி. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை உள்ள மிச்சம் அமைதியான ‘வெள்ளைக் குள்ளன்’ நட்சத்திரமாக நிலைத்திருக்க முடியாது, மேலும் மேலும் சுருங்கித்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார். 1930-ல் இங்கிலாந்து போகிற கப்பலிலேயே தொடங்கிய கணக்கு அது. 1935 ஜனவரி 11-ம் தேதி லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் அதை விளக்கினார். அவர் பேசி முடித்ததும் எழுந்தவர் ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் உச்சாணிக் கொம்பு. அதுவரை சந்திராவிடம் அன்பாகப் பழகி, அவருடைய வேலையை அவ்வப்போது விசாரித்து வந்தவர். அவரே எழுந்து அந்தக் கணக்கைக் கேலி செய்தார். சபை சிரித்தது. சந்திரா சொன்னது சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்ட பெரிய பௌதிகக்காரர்கள் யாரும் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை.

24 வயதுப் பிள்ளைக்கு, அந்நிய தேசத்தில், அம்மாவும் இல்லாத நேரத்தில், இது எப்படி இருந்திருக்கும்? இங்கிலாந்தில் இனித் தனக்கு நல்ல இடம் கிடைக்காது என்று சந்திராவுக்குத் தோன்றிவிட்டது. அந்த வருடக் கடைசியில் ஹார்வர்டில் சில மாதங்கள் பாடம் நடத்த அழைப்பு வந்தது, போனார். அங்கே இருக்கும்போது ஹார்வர்டு ஒரு பக்கம் கேட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து ஆட்டோ ஸ்ட்ரூவ இன்னொரு பக்கம் அழைத்தார். சந்திரா யெர்க்ஸைத் தேர்ந்தெடுத்தார். 1937 தொடக்கத்தில் வேலையில் சேர வேண்டும்.

ஆக, அந்தக் கோடையில் அவர் ஊருக்கு வந்தபோது கையில் இருந்தது சில வாரங்கள்தான். பெண் பார்த்து, யோசித்து, ‘பிறகு சொல்கிறேன்’ என்று தள்ளிப்போடுகிற நேரம் இல்லை. இந்த முறை கிளம்பினால் திரும்ப எத்தனை வருடமோ.

லலிதாவைச் சந்தித்தார். ஆறு வருடச் சந்தேகம் அத்தோடு முடிந்தது. தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்வது அந்தச் சமூகத்தில் அன்றைக்கு அபூர்வம். இரண்டு வீட்டிலும் படித்தவர்கள் இருந்ததால் பெரிய போராட்டம் இல்லாமல் நடந்தது. 1936 செப்டம்பரில் கல்யாணம்.

அதன் பிறகு மறுவீடு, விருந்து, தலைதீபாவளி என்று நம் ஊரில் ஒரு வருடத்துக்கு நீளும் சடங்குகளை ஆற அமர அனுபவிக்க அவகாசம் எங்கே இருந்தது? கல்யாணமான கொஞ்ச நாளிலேயே இருவரும் கப்பலேறினார்கள். முதலில் இங்கிலாந்து. கேம்பிரிட்ஜில் சிறிது காலம். சபையில் சந்திராவைக் கேலி செய்த எடிங்டனும் அதே ஊரில்தான் இருந்தார். இருவருக்கும் தனிப்பட்ட நட்பு கடைசிவரை முறியவில்லை என்பது ஆச்சரியம்தான். 1944-ல் எடிங்டன் இறந்தபோது அவரைப் புகழ்ந்து அஞ்சலி உரை ஆற்றியவர்களில் சந்திராவும் ஒருவர். பிறகு அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா.

போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க் மாதிரிப் பட்டணம் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் வில்லியம்ஸ் பே என்ற சின்னக் கிராமம். 40 அங்குல லென்ஸ் பொருத்திய யெர்க்ஸ் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி லென்ஸ் வைத்த தொலைநோக்கிகளில் இன்றுவரை அதைவிடப் பெரிதாக ஒன்று வானாய்வுக்குப் பயன்பட்டதில்லை. விண்ணைப் பார்க்க வந்தவர்களுக்குச் சொர்க்கம். சைவச் சாப்பாடு மட்டுமே சாப்பிடுகிற, புடவை கட்டுகிற ஒரு புதுப்பெண்ணுக்கு? ஏரி உறைந்து கிடக்கிற ஜனவரியில், மெட்ராஸ் வெயிலில் வளர்ந்த பெண் அந்த ஊரில் குடித்தனம் தொடங்கினார்.

சந்திராவைப் பற்றி எழுதுகிற பலரும் இந்த இடத்தில் வேகமாக நகர்ந்துவிடுகிறார்கள். அவர் என்ன புத்தகம் எழுதினார், எந்தத் துறைக்கு மாறினார் என்று போய்விடுகிறார்கள். அந்தக் கோடையில் இரண்டு பௌதிகப் பட்டதாரிகள் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதன் பிறகு பௌதிகத்தைத் தொடர்ந்தவர் ஒருவர்தான். லலிதாவின் ஆய்வு பெங்களூரோடு நின்றது. அதை அவர் தியாகம் என்று சொல்லிக்கொண்டு திரியவில்லை. யாரும் கட்டாயப்படுத்தியதாகவும் தெரியவில்லை. ஆனாலும், படிக்க வைப்பதற்காகவே ஊரோடு போராடிய குடும்பத்திலிருந்து வந்த பெண், அப்படிப் படித்த படிப்பை மூடி வைத்தார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சில் ஏதோ இடறத்தான் செய்கிறது. ஒருவர் இரவு பகலாக வேலை செய்ய வேண்டுமானால் வீட்டை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று அன்றைக்கு யாரும் கேள்வியாகக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சந்திராவுக்கு அது தெரிந்திருந்தது என்பதற்கு அவர் எழுத்தே சாட்சி. 1983-ல் நோபல் பரிசு வாங்கியபோது எழுதிய சுருக்கமான தன்வரலாற்றில், லலிதாவின் பொறுமையும் புரிதலும் ஆதரவும்தான் தன் வாழ்க்கையின் மையம் என்று சொல்லியிருக்கிறார். பரிசு கிடைத்தது நட்சத்திர ஆராய்ச்சிக்கு. அதில் அன்று சபை சிரித்த கணக்கும் அடக்கம். அதற்கு நடுவே கழிந்தது 48 வருடம். அந்த 48-ல் 47 வருடம் லலிதா பக்கத்தில் இருந்தார்.

அந்த வருடங்கள் எல்லாம் இனிப்பாக இருக்கவில்லை. தோல் நிறத்தைக் காரணம் காட்டி சந்திரா வகுப்பு எடுக்கக்கூடாது என்று பல்கலைக்கழகத்திலேயே ஒரு டீன் தடை போட்டார். தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் தலையிட்டு அதை உடைத்தார். சந்திராவின் அப்பாவுக்கு மகன் என்றைக்காவது ஊரோடு வந்துவிடுவான் என்ற நம்பிக்கை இருந்தது. போர் வந்தது, வருடங்கள் ஓடின, 1953-ல் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார்கள். அந்தச் செய்தி அப்பாவுக்குப் பெரிய வருத்தம். குழந்தைகள் இல்லை. 1964 வரை வில்லியம்ஸ் பே, பிறகு சிகாகோ நகரம்.

1995 ஆகஸ்டில் சந்திரா காலமானார். கல்யாணமாகி 59 வருடம் நிறைய ஒரு மாதம் இருந்தது. அதன் பிறகும் லலிதா 18 வருடம் இருந்தார். சந்திராவைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் எழுதிய நினைவுத் தொகுப்பில் அவரும் எழுதினார். 2013 செப்டம்பரில், 102 வயதில் போய்ச் சேர்ந்தார்.

நடுவில் 1999 ஜூலையில் ஒரு பயணம். நாசா தன் புதிய எக்ஸ்-ரே விண்வெளித் தொலைநோக்கிக்கு ‘சந்திரா’ என்று பெயர் வைத்திருந்தது. எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் மிச்சத்தையும் கருந்துளைகளின் சுற்றுப்புறத்தையும் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது கிளம்புவதைப் பார்க்க ஃப்ளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்துக்கு லலிதா வந்திருந்தார். முதல் நாள் கிளம்ப வேண்டிய நேரத்தில் கடைசி விநாடிகளில் நிறுத்தினார்கள். இரண்டாம் முறை வானிலை சரியில்லை. மூன்றாவது முறை, ஜூலை 23 நள்ளிரவு தாண்டி, கொலம்பியா விண்கலம் அதைச் சுமந்துகொண்டு எழும்பியது. அதன் கமாண்டர் ஐலீன் காலின்ஸ். நாசாவின் விண்கலம் ஒன்றுக்கு ஒரு பெண் தலைமை ஏற்றது அதுதான் முதல் தடவை.