எதிரணி ஸ்டாருக்கு அடிபட்டால் கொண்டாடலாமா? நெய்மர் காயம் சொல்லும் பாடம்!

கால்பந்து மோகத்தால் 'குட்டி பிரேசில்' எனப் பெயரெடுத்த ஏரியா, வடசென்னையின் வியாசர்பாடி. எந்த ஊர் ரசிகராக இருந்தாலும், எதிரணி ஸ்டார் சுருண்டு விழுந்தால் 'அப்பாடா' என்று தோன்றும். அது கேலியாக மாறினால்?

2014-ல் என்ன நடந்தது?

ஜூலை 4, உலகக்கோப்பை காலிறுதி. கொலம்பியாவின் சூனிகா முழங்காலால் இடித்ததில், பிரேசில் நெய்மரின் முதுகெலும்பில் முறிவு. அர்ஜென்டினா ரசிகர்கள் சிலர் பொம்மை முதுகெலும்பைத் தூக்கிக் காட்டி கலாய்த்தனர். சூனிகாவுக்கோ கொலை மிரட்டல், இனவெறி வசவு. நெய்மர் இல்லாத பிரேசில், அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-7 எனச் சிதறியது.

வீரர்கள் என்ன செய்தார்கள்?

அர்ஜென்டினா கேப்டன் மெஸ்ஸி, நெய்மர் சீக்கிரம் குணமாக வாழ்த்தினார். இறுதிப்போட்டியில் தன் ஆதரவு மெஸ்ஸிக்கே என்றார் நெய்மர். இருவரும் அப்போது பார்சிலோனா கிளப்பில் ஒன்றாக ஆடியவர்கள்.

நமக்கு ஏன் முக்கியம்?

2018-ல் சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தவர் வியாசர்பாடியின் தனபால் கணேஷ். அடுத்த சீசனின் பெரும்பகுதியை முழங்கால் காயம் பறித்துவிட்டது. நம்ம ஏரியா பையன் வலியில் கிடக்கும்போது எதிரணி கேலரி சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும்.