லைசென்ஸ் வரிசையில் யார்?

சட்டபூர்வமாக்கு, லைசென்ஸ் கொடு என்கிறது ஒரு கூட்டம். ஒழித்துக்கட்டு என்கிறது இன்னொரு கூட்டம். 1956ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள் தோழர்களே. 8வது பிரிவில், தெருவில் நின்று அழைக்கும் பெண்ணுக்கு முதல்முறையே ஆறு மாதம் வரை சிறை. அதையே ஆண் செய்தால் மூன்று மாதம்தான். மனு எங்கே செத்தான்? 4வது பிரிவுப்படி, அம்மா சம்பாத்தியத்தில் காலேஜ் போகிற மகன் பதினெட்டு தாண்டினால் குற்றவாளி.

2022 மே மாதம் உச்சநீதிமன்றம், ரெய்டில் இந்தப் பெண்களைக் கைது செய்யாதே, ஆதார் கொடு என்றது. நல்லதுதான். முகவரிச் சான்று இல்லாதவளை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன், பேங்க் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு!

ஆனா ஒண்ணு. கர்நாடகத்தில் 1982லேயே தேவதாசி முறைக்குத் தடை. அதற்குப் பிறகும் எல்லம்மாவுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் சேரிப் பெண்கள். லைசென்ஸ் வரிசையில் அக்ரகாரத்துப் பொண்ணா வந்து நிக்கப்போகுது? முதலில் 8வது பிரிவை எடு. பிள்ளைகளை 4வது பிரிவிலிருந்து விடு. எங்களுக்கு நிலத்தைக் கொடு. லைசென்ஸை அப்புறம் பேசுவோம்.