வைபை பெட்டியின் சாவி யார் கையில்?

தெருவில் வீட்டுக்கு வீடு கதவு எண் உண்டு. எண் இருந்தால்தான் தபால்காரர் கடிதத்தைச் சரியாகக் கொடுப்பார்.

வைபை உள்ள வீட்டுக்குள்ளும் இதே கதைதான். அங்கே எண் வேண்டியது மனிதர்களுக்கு அல்ல. செல்போனுக்கு, டெலிவிஷனுக்கு, கண்காணிப்பு கேமராவுக்கு!

இந்த எண்ணுக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். அதைக் கொடுப்பது, சுவரில் விளக்கு மினுக்கும் ரூட்டர் பெட்டி.

பெட்டியைப் பொருத்த வந்தவர், "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நாமும் அதோடு மறந்து விடுகிறோம். அப்படி மறக்கக் கூடாது. அந்தப் பெட்டியின் நிர்வாகம் வீட்டார் கையில்தான் இருக்க வேண்டும்.

ஒரே எண், பல வீடு

பழைய முறைப்படி உலகம் முழுவதற்கும் உள்ள முகவரிகள் சுமார் 429 கோடிதான். பற்றாக்குறை வரும் என்று 1990-களிலேயே தெரிந்து விட்டது. ஆகவே, உள் உபயோகத்துக்கு என்று சில எண்களை ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் அந்த வகை.

குத்துக்கல்வலசையில் ஒரு செல்போனுக்கு 192.168.1.5 என்ற எண் இருக்கலாம். சென்னையில் வேறொரு செல்போனுக்கும் அதே எண் இருக்கலாம். குழப்பம் வராதா?

வராது. இந்த எண் வாசல்படி தாண்டாது. வெளியே போகும் செய்தியில் ரூட்டர் தன் முகவரியைப் போட்டு அனுப்புகிறது. பதில் வந்ததும், கேட்டது யார் என்று பார்த்து அவரிடம் சேர்க்கிறது.

தகராறு எங்கே?

ரூட்டர் எண்ணைக் கடனாகத்தான் கொடுக்கிறது. தவணை முடிந்தால் எண் மாறலாம். செல்போனுக்கு அதனால் கவலை இல்லை. பிரிண்டரின் எண் மாறினாலோ, கம்ப்யூட்டர் பழைய எண்ணில் தேடிக்கொண்டு இருக்கும். அச்சு வராது! பிரிண்டருக்கு என்று ஓர் எண்ணை ரூட்டரில் ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

மாடிக்கு என்று இரண்டாவது பெட்டி வாங்குவோரும் உண்டு. இரண்டும் தம் இஷ்டத்துக்கு எண் கொடுத்தால் குழப்பம்தான். எண் கொடுக்கும் வேலையை ஒரு பெட்டியிடம் மட்டும் விட வேண்டும்.

பூட்டிலேயே சாவி!

பெட்டியின் அடியில் அதன் எண்ணும் பாஸ்வேர்டும் அச்சிட்டு இருக்கும். பல பெட்டிகளில் எண் 192.168.1.1. செல்போனில் அதை அடித்தால் ரூட்டரின் பக்கம் திறக்கும். எந்தெந்தக் கருவிகள் சேர்ந்திருக்கின்றன என்று அங்கே பார்க்கலாம்.

கம்பெனி வைத்த பாஸ்வேர்டு பல பெட்டிகளுக்கு ஒன்றாகவே இருப்பது உண்டு. அதை மாற்றாமல் விடுவது, கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விடுவதற்குச் சமம்.

2016-ல் 'மிராய்' என்ற நாச புரோகிராம், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றை ஏவி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கினார்கள்.

"நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்று சிலர் கேட்கலாம். வீட்டுப் பூட்டுக்கு அப்படிச் சொல்வோமா? பெட்டி பொருத்த வருகிறவர், நம் கண் முன்னே பாஸ்வேர்டை மாற்றச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். கேட்பது நம் உரிமை.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 'ஜோஹோ' நிறுவனம் இயங்குகிறது. கம்ப்யூட்டர் வேலை கிராமத்துக்கே வந்து விட்டது. கம்ப்யூட்டர் அறிவு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வரட்டும்!