அறுந்தது கயிறா, சோதனையா?

மலையேறுபவர்கள் பயன்படுத்தும் ஸ்லிங் என்ற நாடா வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் ஓரத்தில் ஒரு சிறிய துணிச்சீட்டு தைத்திருக்கும். அதில் 22 கிலோநியூட்டன் என்று அச்சிட்டிருக்கும். நம்மூர்க் கணக்கில் சுமார் 2,240 கிலோ. மூன்று மாருதி 800 கார்களைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டாலும் அவ்வளவு எடை வராது. விரலளவு அகலமுள்ள ஒரு நாடா இவ்வளவு தாங்குமா என்று வியந்து, வாங்கி, இடுப்பில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த எண் பொய்யல்ல. ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு கேள்விக்கு வந்த பதில். என்ன கேள்வி கேட்டார்கள் என்பதை மட்டும் யாரும் அச்சிடுவதில்லை. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு வழவழப்பான இரும்பு ஊசிகளுக்கு நடுவே புத்தம்புதிய ஸ்லிங்கை மாட்டி, மெதுவாக, மிக மெதுவாக இழுத்தால் எவ்வளவில் அறும்? இதுதான் கேட்ட கேள்வி. முடிச்சு கிடையாது. ஈரம் கிடையாது. வெயிலில் இரண்டு வருடம் காயவில்லை. பாறை விளிம்பு கிடையாது. முக்கியமாக, யாரும் விழவில்லை!

மலையில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. அங்கே மெதுவாக இழுக்க யாரும் இல்லை. ஒருவர் விழுகிறார். விழும் உடலின் வேகத்தை ஏதோ ஒன்று விழுங்கியாக வேண்டும். மலையேற்றக் கயிறு ரப்பர் போல் நீண்டு அதை விழுங்குகிறது. டைனீமா என்ற பாலிஎதிலீன் இழையில் செய்த ஸ்லிங் அநேகமாக நீளவே நீளாது. அதில் ஒரு முடிச்சைப் போட்டு, 80 கிலோ எடையை அதில் கட்டி விழவிட்டுப் பார்த்த சோதனைகள் உண்டு. 22 என்று அச்சிட்ட ஸ்லிங், அந்த எண்ணை எட்டுவதற்கு முன்பே பட்டென்று அறுந்திருக்கிறது. கயிறே இல்லாமல் வெறும் ஸ்லிங்கில் தொங்கிக்கொண்டு, நங்கூரத்துக்கு மேலே ஒரு அடி ஏறி வழுக்குபவருக்கு இதே கதிதான். ஆக, சீட்டில் இருந்த எண் அவருடைய கேள்விக்கு வந்த பதிலே அல்ல.

முடிச்சும் அப்படித்தான். கயிற்றை வளைத்தால் வெளிப்பக்க இழைகள் அதிகம் இழுபடும், உட்பக்க இழைகள் சும்மா இருக்கும். சுமையைச் சமமாகப் பகிராத கூட்டுக் குடும்பம் மாதிரி! எட்டு முடிச்சு போட்டால் பலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். சாதாரண ஒற்றை முடிச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போகும். முடிச்சே போடாமல் யாரும் மலை ஏறுவதில்லை. அப்படியிருக்க, முடிச்சில்லாத பலத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுவது ஏன்?

"இதெல்லாம் சின்ன விஷயம், அனுபவசாலிகளுக்குத் தெரியும்" என்று சொல்பவர்கள் ஜப்பானில் 1955-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வருடம் ஜனவரி 2-ம் தேதி, வடக்கு ஆல்ப்ஸ் என்று அவர்கள் அழைக்கும் மலைத்தொடரில், மாயே-ஹோதகா சிகரத்தின் கிழக்கு முகத்தில் மூன்று பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது 8 மி.மீ. நைலான் கயிறு. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த அதிசயப் பொருள். மணிலா நாரில் திரித்த தடித்த பழைய கயிற்றைவிட மெலிது, எடை குறைவு, ஆனால் பலமோ ஒரு டன்னுக்கும் மேல் என்று சொல்லி விற்றார்கள். முன்னால் ஏறியவர் 19 வயது இளைஞர். மேலே ஒரு பாறைத் துருத்தலில் கயிற்றைப் போட்டுவிட்டு ஏறினார். கால் வழுக்கியது. அவர் வழுக்கியது அரை மீட்டர் அளவுதான். ஒரு டன் தாங்கும் புதுக் கயிறு அறுந்தது. அவர் போய்விட்டார்.

அதே குளிர்காலத்தில், அதே மலைப்பகுதியில், இன்னும் இரண்டு குழுக்களின் நைலான் கயிறுகளும் அறுந்தன.

இறந்தவரின் அண்ணன் இஷியோக்கா ஷிகேயோ. அவரும் மலையேறுபவர், அந்தக் குழுவின் தலைவர், பொறியியல் படித்தவர். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. கயிற்றைப் பாறை விளிம்பில் போட்டுச் சோதித்தார். விடை சீக்கிரமே கிடைத்தது. நேராக இழுத்தால் நைலான் பிரமாதம். கூரான விளிம்பின் மேல் இழுபட்டால் அதே நைலான் பழைய நார்க் கயிற்றைவிடப் பரிதாபமாக வெட்டுப்படுகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம்கூடத் தேவையில்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். கயிறு நடுவில் அறாது, கிணற்று விளிம்பில் உரசும் இடத்தில்தான் அறும். வாளியின் எடை எத்தனை என்பதல்ல விஷயம், விளிம்பு எப்படி இருக்கிறது என்பதே விஷயம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று, காமகோரி என்ற ஊரில், கயிற்றைச் செய்த நிறுவனத்தின் தொழிற்சாலையிலேயே ஒரு பகிரங்கச் சோதனை நடந்தது. நடத்தியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்களின் விளிம்பில் கயிற்றைப் போட்டு எடையை விழவிட்டார்கள். நைலான் கயிறு கம்பீரமாகத் தாங்கியது! செய்தி நாடெங்கும் போனது.

ஆனால் அந்தக் கற்களின் விளிம்புகள் முன்கூட்டியே மழுக்கப்பட்டிருந்தன.

ஒரு மில்லிமீட்டர் கணக்கில் ஒரு சின்ன மழுக்கல். தூரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கயிற்றுக்குத் தெரியும். அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒரு கயிறு நிரபராதி ஆனது, ஒரு இறந்த இளைஞனும் அவன் தோழர்களும் குற்றவாளிகள் ஆனார்கள். கயிறு அறவில்லை என்றால் வேறு என்ன நடந்திருக்கும்? முடிச்சு அவிழ்ந்திருக்கும். ஷூவில் மாட்டிய இரும்பு முள்ளால் கயிற்றை மிதித்துக் கெடுத்திருப்பார்கள். தங்கள் தவறை மறைக்கக் கயிற்றின் மேல் பழி போடுகிறார்கள். இப்படியெல்லாம் பேச்சு கிளம்பியது.

கோடையில் பனி உருகியபோது உடல் கிடைத்தது. கயிறு உடலில் கட்டியபடியே இருந்தது. முடிச்சு அவிழவில்லை.

அதற்குப் பிறகாவது உண்மை வென்றதா? இல்லை. இஷியோக்கா அவதூறுப் புகார் கொடுத்தார், அது வழக்காகவில்லை. ஜப்பானிய ஆல்பைன் கழகம் வெளியிடும் கையேட்டின் 1956 பதிப்பில் பேராசிரியரின் சோதனை முடிவுகளே இடம்பெற்றன. இனோயூ யாசுஷி இந்தச் சம்பவத்தை அடிப்படையாக வைத்து நாவல் எழுதினார், அது படமாகவும் வந்தது. நாவல் புகழ்பெற்றது. கயிறு விற்பனையில் இருந்தது.

1973-ல் ஜப்பானில் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல்தான் அதன் கீழ் மலையேற்றக் கயிறுக்கான பாதுகாப்பு விதிகள் வந்தன. விளிம்பில் வெட்டுப்படுவதற்கான சோதனையும் அவற்றில் இருந்தது. ஆல்பைன் கழகத்தின் கையேடு 1977 பதிப்பில்தான் பழைய கட்டுரைக்கு வருத்தம் தெரிவித்தது. தம்பி இறந்து 22 வருடங்கள் கழித்து! ஒரு கல்லின் ஓரத்தை மழுக்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

இது ஜப்பானுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. லண்டன் ஆல்பைன் கிளப் 1864-லேயே குழு அமைத்துக் கயிறுகளைச் சோதித்தது. எடையை விழவிட்டுப் பார்த்து, நல்ல கயிறு எது, மட்டமானது எது என்று அறிக்கை கொடுத்தது. மறு வருடமே, 1865 ஜூலை 14 அன்று, மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாகத் தொட்டுவிட்டு இறங்கிய எட்வர்ட் விம்பர் குழுவில் நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். அவர்களிடம் மூன்று வகைக் கயிறுகள் இருந்தன. மூத்த டவுக்வால்டர் என்ற வழிகாட்டிக்கும் அவருக்குக் கீழே இருந்தவருக்கும் நடுவில் கட்டியிருந்தது மூன்றிலும் மிக மெல்லியது. அறுந்ததும் அதுதான். உடனே என்ன சொன்னார்கள்? வழிகாட்டி கத்தியால் அறுத்துவிட்டார் என்றார்கள். விசாரணை முடிந்த பிறகும் அந்தச் சந்தேகம் அவரை விடவில்லை.

கவனித்தால் இரண்டு கதைக்கும் ஒரே எலும்புக்கூடு. கயிறு அறுந்தால் முதலில் மனிதனைச் சந்தேகிப்பது. காரணம் எளிது. கயிற்றுக்கு ஒரு எண் இருக்கிறது, மனிதனுக்கு இல்லை.

சரி, இன்று நிலைமை எப்படி? நிச்சயம் மேல். சர்வதேச மலையேற்றச் சங்கக் கூட்டமைப்பு 1960-ல் கயிறுக்கான தரத்தைக் கொண்டுவந்தது. பிரான்சின் துலூஸ் நகரப் பேராசிரியர் தோதேரோவின் சோதனைக் கருவிதான் அதற்கு அடிப்படை. அந்தச் சோதனை வெறுமனே இழுப்பதில்லை, விழவிடுகிறது. ஒற்றைக் கயிறு என்றால் 80 கிலோ எடை. கயிற்றின் நீளத்தைப்போல் சுமார் 1.77 மடங்கு தூரம் விழும். குறைந்தது 5 முறை தாங்க வேண்டும். முதல் வீழ்ச்சியில் ஏற்படும் அதிர்வு விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் கயிறு பிழைத்து ஆள் நொறுங்கினால் பிரயோஜனம் இல்லை. இது அறிவான கேள்வி. கேட்டவர்களுக்கு ஒரு சலாம்.

ஆனால் அந்தச் சோதனையிலும் கயிறு வளையும் விளிம்பின் ஆரம் 5 மி.மீ. கேரபினர் கொக்கியின் வளைவு மாதிரி வழவழப்பானது. மலையின் விளிம்பு அப்படி இருப்பதில்லை. நல்ல நிலையில் உள்ள இன்றைய கயிறு வெறும் வீழ்ச்சியால் அறுவது மிக அரிது. அறுந்தால் பெரும்பாலும் கூரான விளிம்பில்தான். அதாவது கயிறு உண்மையில் எங்கே சாகிறதோ, அந்த இடத்தைத்தான் கட்டாயச் சோதனை தொடவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. 0.75 மி.மீ. ஆரமுள்ள கூர் விளிம்புச் சோதனை ஒன்றை அதே கூட்டமைப்பு 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் திரும்பப் பெற்றது. ஒரே கயிறு வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் வெவ்வேறு முடிவு தந்தது என்பது காரணம். இந்த நியாயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்று ஒன்றும் நாளை ஒன்றும் சொல்லும் சோதனையை வைத்து யாருக்கும் முத்திரை கொடுக்க முடியாது. 5 மி.மீ. விளிம்பு இருப்பது யாரையும் ஏமாற்ற அல்ல, எல்லா இடத்திலும் ஒரே பதில் வர வேண்டும் என்பதற்காக.

ஆனால் அளக்க முடியவில்லை என்பது ஒன்று, ஆபத்து இல்லை என்பது வேறு. அளக்க முடியாததைச் சீட்டில் எழுதக்கூடவா முடியாது? "இந்த எண் கூர் விளிம்புக்குப் பொருந்தாது, முடிச்சுக்குப் பொருந்தாது" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போட எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை. உள்ளே மடித்து வைத்திருக்கும் பலமொழிக் காகிதத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறதே என்பது பதில் அல்ல. எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு எச்சரிக்கையை எறும்பு எழுத்தில் போடுவதும் ஒருவகை விளிம்பு மழுக்கல்தான்!

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. கயிற்றையும் ஸ்லிங்கையும் இழுக்கும் இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை படம் பிடித்து இணையத்தில் போடுபவர்கள். அவர்களால் நன்மையே இல்லை என்று சொல்வது அநியாயம். கடையில் யாரும் காட்டாததைக் காட்டுகிறார்கள். ஆனால் ஒரே ஒரு துண்டை ஒரே ஒரு முறை மெதுவாக இழுத்துவிட்டு, "பார்த்தீர்களா, பத்து வருடப் பழைய ஸ்லிங்கும் இவ்வளவு தாங்குகிறது, கவலையே வேண்டாம்" என்று முடிப்பது காமகோரியின் தம்பி முறை. அந்தத் துண்டு தாங்கியது, அவ்வளவுதான். கூடத்தில் இருந்த துண்டைப் பற்றிய பதிலை, பார்ப்பவர் இடுப்பில் இருக்கும் துண்டுக்கு எழுதிக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

சோதனை என்பது பொருளுக்கு நடக்கும் பாராட்டு விழா அல்ல. அது குறுக்கு விசாரணை. எங்கே பொய் சொல்லும் என்று தேடித் தேடிக் கேட்பவர்தான் நல்ல வக்கீல். விற்பவரின் கூடாரத்தில், விற்பவரின் கல்லில், விற்பவரின் செலவில் நடக்கும் சோதனை என்றால் முதலில் கயிற்றைப் பார்க்கக்கூடாது. கல்லைத் தடவிப் பார்க்க வேண்டும்.

இதற்குக் கயிறு ஒரு உதாரணம் மட்டும்தான். ஹெல்மெட், லிஃப்ட், பாலம், மருந்து என எதற்குமே தாங்கும் என்று ஒருவர் எண்ணோடு வந்து நின்றால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எதன்மேல் வைத்து என்று கேட்க வேண்டும். அதை 1955-லேயே யாராவது உரக்கக் கேட்டிருந்தால், ஒரு அண்ணன் தன் தம்பி சரியாகத்தான் முடிச்சுப் போட்டான் என்று நிரூபிக்க இருபது வருடத்துக்கு மேல் செலவழித்திருக்க வேண்டியதில்லை.