ஒரே சிகிச்சைக்கு இரண்டு முறை கட்டணம்

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஐந்தாண்டு வேலை விசாவில் பிரிட்டனுக்குப் புறப்படும் இந்தக் குடும்பம், விசாக் கட்டணம் போக, அந்நாட்டின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸுக்கென்று மட்டும் கட்ட வேண்டிய தொகை 18,110 பவுண்டு. நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கும் மேல். பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 776 பவுண்டு என்ற கணக்கில், ஐந்தாண்டுக்கும் சேர்த்து விண்ணப்பத்தோடு மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். சில நிறுவனங்கள் இந்தச் செலவை ஏற்கின்றன. மற்ற நிறுவனங்களில் சேர்பவர்கள் முதல் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்பே நகையை அடகு வைக்க வேண்டியதுதான்.

2015 ஏப்ரலில் இந்தக் கட்டணம் தொடங்கியபோது ஆண்டுக்கு 200 பவுண்டுதான். இதே குடும்பம் அன்று 4,000 பவுண்டில் முடித்திருக்கும். 2019இல் 400, 2020இல் 624, 2024 பிப்ரவரியில் 1,035 என்று அது ஏறியது. கடைசி உயர்வின் பின்னணியைக் கவனிக்க வேண்டும். அரசு ஊழியர்களின் சம்பள உயர்வுக்கு வழிசெய்ய, விசாக் கட்டணங்களோடு இதையும் கூட்டப்போவதாக 2023 ஜூலையில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார். மருத்துவத்தின் பெயரால் வசூலிக்கும் பணம், வெளிநாட்டவரின் தலையில் விழும் வரியாகிவிட்டது.

புதிதாக வருபவர் இதுவரை எதுவும் செலுத்தவில்லையே என்பது பிரிட்டனின் வாதம். ஆனால், வந்த முதல் மாதமே அவர் சம்பளத்தில் வருமான வரியும் தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் பிடிக்கப்படுகின்றன. என்எச்எஸ் நடப்பது பெரும்பாலும் பொது வரிப் பணத்தில். இருபது ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகத் தங்கத் திரும்பும் பிரிட்டிஷ் குடிமகனுக்கு முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு. அவரிடம் யாரும் பழைய பாக்கி கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. 1948இல் அன்றைய சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன் அந்தச் சேவையைத் தொடங்கியது நோயாளியின் பணப்பையைப் பார்த்து அல்ல.

அநீதியை உணரும் ஆற்றல் பிரிட்டனுக்கு இல்லாமலில்லை. 2020இல் கொரோனாவில் உயிர் பிழைத்த அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன், தன்னைக் காத்த வெளிநாட்டுச் செவிலியர்களுக்கு நன்றி சொன்னார். அடுத்த மாதமே, செவிலியர்களும் இந்தக் கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதாடினார்; எதிர்ப்பு வலுக்க, மறுநாளே மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களுக்கு விலக்கு அறிவிக்கப்பட்டது. செவிலியருக்குப் பொருந்தும் நியாயம், பேருந்து ஓட்டுநருக்கும் மென்பொருள் பொறியாளருக்கும் ஏன் பொருந்தாது?

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நிறுவனங்கள் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்கள் ஒரே நேரத்தில் இரு நாட்டிலும் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டத் தேவையில்லை என்றும் அதையொட்டி உடன்பட்டன. ஒன்றுக்கு இருமுறை வாங்கக் கூடாது என்ற கொள்கையை ஏற்றுக்கொண்ட பிறகும், மருத்துவக் கட்டணத்தைத் தொடவில்லை. டெல்லி இதைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பிரிட்டனில் வரி செலுத்தி வேலை பார்க்கும் எல்லோருக்கும், அவர்கள் குடும்பத்தினருக்கும் முழு விலக்கு தேவை. அது வரும்வரை குழந்தைகளுக்கான கட்டணம் உடனே நீங்கட்டும். பெரியவர்கள் மாதச் சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டட்டும்.